சைக்ஸ் என்று பெயர் வைத்தவர்கள் எல்லாம் பங்காளிகளா?

ஆக்ஸ்ஃபோர்டில் மரபியல் பேராசிரியராக இருந்த பிரையன் சைக்ஸ் ஒருமுறை கிளாக்ஸோ வெல்கம் மருந்து நிறுவனத்தில் பேசப் போனார். அந்த நிறுவனத்தின் தலைவர் பெயரும் சைக்ஸ், ரிச்சர்ட் சைக்ஸ். நீங்கள் இருவரும் உறவா என்ற கேள்வி வர, சோதித்துப் பார்த்தால் இருவரின் ஒய் குரோமோசோமும் (ஆண்களிடம் மட்டும் இருக்கும் மரபு இழை) ஒன்றாக இருந்தது!

இது ஏன் பெரிய விஷயம் என்றால், வட இங்கிலாந்து வழக்கில் ‘சைக்’ என்பது சின்ன ஓடை. ஓடைக்கரையில் குடியிருந்தவனை ஊரார் அப்படிக் கூப்பிட்டு, சுமார் 700 வருஷத்துக்கு முன் அதுவே பரம்பரைப் பெயராக நிலைத்தது. யார்க்‌ஷயரில் ஓடைகளுக்கா பஞ்சம்? அதனால் ஊருக்கு ஊர் தனித்தனியாக இந்தப் பெயர் முளைத்திருக்கும் என்றுதான் ஏடுகளைப் பார்த்தவர்கள் நம்பினார்கள்.

இங்கிலாந்தில் குடும்பப்பெயர் அப்பாவிடமிருந்து பிள்ளைக்குப் போகிறது. ஒய் குரோமோசோமும் அப்பாவிடமிருந்து மகனுக்கு மட்டும், கிட்டத்தட்ட மாறாமல் போகிறது. ஆக இரண்டும் ஒரே பாதை. பிரையன் யார்க்‌ஷயர், லங்காஷயர், செஷயர் பகுதி சைக்ஸ்களுக்குக் கடிதம் எழுதி, கன்னத்தின் உட்புறத்தைச் சின்ன பிரஷ்ஷால் தேய்த்து அனுப்பச் சொன்னார். 2000ல் முடிவு வெளிவந்தது: 48 பேரில் 21 பேரின் ஒய் குரோமோசோமில் அச்சு அசலாக ஒரே அடையாளம், ஒப்பிட எடுத்த மற்ற பெயர்க்காரர்கள் ஒருவரிடமும் அது இல்லை. அப்படியானால் ஒரு ஓடை, ஒரு மூதாதை.

சரி, மீதிப் பேர்? தத்துப்பிள்ளை, தாயின் பெயரைச் சூட்டிக்கொண்ட பிள்ளை, வெளியே சொல்லாத உறவில் பிறந்த பிள்ளை என்று பெயரும் ரத்தமும் பிரியும் இடங்கள் எந்தக் குடும்பத்திலும் உண்டு. தலைமுறைக்கு நூற்றில் 3 பேர்தான் இப்படி என்று வைத்துக்கொண்டாலும், 25 தலைமுறை கழிந்தால் பழைய குரோமோசோம் பாதிப் பேரிடம்கூட மிஞ்சாது, கால்குலேட்டரில் 0.97ஐ 25 தடவை பெருக்கிப் பாருங்கள். அதற்காக அந்த மீதிப் பேரைப் போலி சைக்ஸ் என்று சொல்வதை நான் ஒப்பமாட்டேன், அந்தப் பெயரோடு வாழ்ந்து செத்தவர்களின் பிள்ளைகள்தானே அவர்களும்.

எல்லாப் பெயருக்கும் இது பலிக்காது. ஸ்மித் என்றால் கொல்லர், ஊருக்கு ஒரு கொல்லர் இருந்ததால் ஸ்மித்களிடையே பொது அடையாளமே கிடைப்பதில்லை. நாட்டிங்ஹாம்ஷயர் ஊர்ப்பெயரிலிருந்து வந்த அட்டன்பரோ அபூர்வமான பெயர்; சோதித்தவர்களில் பத்துக்கு எட்டுப் பேருக்கு மேல் ஒரே கொடி.