கேனொப்பிக்குக் கார்பனா, கிளாஸா?

விமானியின் தலைக்கு மேல் இருக்கும் ஒளிபுகும் மூடிதான் கேனொப்பி. அதன் ஃபிரேமை, கார்பன் அல்லது கண்ணாடி இழைத் துணியை எபாக்சி என்ற பிசினில் நனைத்து, இறுகவிட்டுச் செய்கிறார்கள். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் கராஜுக்குள் விமானம் கட்டும் ஒரு தம்பியிடம் “கேனொப்பி ஃபிரேமுக்கு என்ன துணி போடப் போறே?” என்று கேட்டுப் பாருங்கள். “கார்பன்தான் அண்ணா, வேறென்ன?” என்பான். விறைப்பை மட்டும் பார்த்தால் சரிதான். கார்பன் இழையின் விறைப்பு சுமார் 230 கிகாபாஸ்கல், சாதாரண ஈ-கிளாஸ் எனும் கண்ணாடி இழைக்கு 72 அளவில்தான். எடையும் கார்பனுக்கே குறைவு. ஆனால் அந்த ஃபிரேமில் உட்காரப்போகும் அக்ரிலிக் என்ற ஒளிபுகும் பிளாஸ்டிக்கையும் ஒரு வார்த்தை கேட்க வேண்டும்.

அக்ரிலிக் சூட்டில் தாராளமாக விரியும். 1 மீட்டர் நீளத் தகடு 30 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் நீண்டுவிடும். அதே சூட்டில் அலுமினியம் 0.7 மில்லிமீட்டர் நீளும், கிளாஸ் ஃபைபர் அதைவிடக் குறைவு. கார்பன், இழை ஓடும் திசையில், அசையவே அசையாது என்று சொல்லிவிடலாம். இங்கே கோடையான பிப்ரவரி வெயிலில் காய்ந்து கிடந்த விமானம் மேலே ஏறும்போது, ஆயிரம் அடிக்கு 2 டிகிரி வீதம் வெளிக்காற்று குளிர்ந்துகொண்டே போகும். அக்ரிலிக் சுருங்கப் பார்க்கும், கார்பன் ஃபிரேம் விடாது. திருகுத் துளையின் ஓரத்தில் விரிசல் ஆரம்பிப்பது இப்படித்தான்.

அதற்காகக் கார்பனைத் தூக்கிப் போட வேண்டாம். எபாக்சியால் இறுக்கி ஒட்டாமல், சிக்காஃப்ளெக்ஸ் மாதிரி இழுபடும் பாலியூரிதேன் பசையைச் சில மில்லிமீட்டர் தடிமனில் விட்டால், அந்த நீட்டலையும் சுருக்கத்தையும் பசையே வாங்கிக்கொள்ளும். திருகுதான் என்றால் துளையைக் கொஞ்சம் பெரிதாகப் போட வேண்டும்.

அப்புறம் துணியின் திசை. கேனொப்பியை ஒரு மூலையில் பிடித்துத் தூக்கும்போது ஃபிரேம் முறுக்கிக்கொள்ளும். முறுக்கைத் தாங்குவது 45 டிகிரியில் குறுக்கும் நெடுக்குமாகப் போடும் அடுக்குகள். வளைவு அமுங்காமல் இருக்க, வளைவோடு ஓடும் ஒற்றைத் திசை நாடா வேண்டும். எல்லா இழையையும் ஒரே பக்கம் ஓடவிட்டவருக்குக் கார்பனின் விலைக்கேற்ற பலன் கிடைக்காது. மூலை முடுக்குகளில் ட்வில் நெசவு நன்றாகப் படியும்; ஜீன்ஸ் துணியும் அதே நெசவுதான்.

எபாக்சியிலும் கண் வேண்டும். அறைச் சூட்டில் மட்டும் இறுகவிட்ட பல எபாக்சிகள் 60 டிகிரி வாக்கில் இளக ஆரம்பிக்கும். கறுப்புக் கார்பன் வெயிலில் அதைச் சுலபமாகத் தாண்டும். இறுகியபின் சில மணி நேரம் மிதமான சூட்டில் வைத்தெடுத்தால் தாங்கும் அளவு கூடும். மேலே வெள்ளைப் பெயின்ட் அடிப்பதும் அழகுக்காக மட்டுமல்ல. நம் நாட்டுப் போட்செஃப்ஸ்ட்ரூம் நகரில் செய்யும் ஜோங்கர் கிளைடர்கள் கார்பனால் ஆனவை, ஆனால் வெள்ளையாகத்தான் பறக்கின்றன.

நம் ஊருக்கு இன்னொரு தலைவலி உப்புக்காற்று. டர்பனின் வர்ஜீனியா விமான நிலையம் கடலை ஒட்டியே இருக்கிறது. கார்பன் மின்சாரம் கடத்தும். ஈரத்தில் அலுமினியக் கீலைத் தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம்தான் அரித்துப் போகும். நடுவில் ஒரு அடுக்கு கிளாஸ் துணி போட்டால் போதும். டர்பன் ஈரப்பதத்தில் சில எபாக்சிகளின் மேல் மெழுகுப் படலம் வேறு படியும். அதைத் தண்ணீரில் கழுவித் தேய்த்த பிறகே அடுத்த அடுக்கு.

முதல் தடவை கட்டுபவர் கேட்டால் என் பதில்: ஃபிரேம் முழுக்க கிளாஸ், வளைவின் மேலும் கீழும் மட்டும் கார்பன் நாடா. கொஞ்சம் எடை கூடும், கூடட்டும். ஜிபிஎஸ் ஆண்டெனாவை ஃபிரேமுக்குள் வைப்பதாக இருந்தால் அந்த இடத்தில் கிளாஸ் மட்டுமே போடுங்கள். கார்பன் ரேடியோ அலையை மறைத்துவிடும்.