மண் குவியலில் எத்தனை கியூப்? பதில் அடியில் இருக்கிறது

ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் வீடு கட்டத் தொடங்கிய யாரைக் கேட்டாலும் இந்தப் பிரச்சினையைச் சொல்வார்கள். கொட்டிக் கிடக்கிற மண்ணுக்கு டிப்பர்காரர் ஒரு கணக்கு சொல்வார், மேசன் பாஸ் இன்னொரு கணக்கு சொல்வார். நம்மூரில் ஒரு கியூப் என்றால் 100 கன அடி, அதாவது ஏறத்தாழ 2.83 கன மீற்றர்.

சமதரையில் கூம்பாகக் கிடக்கிற குவியல் என்றால் வேலை சுலபம். அடியைச் சுற்றி டேப்பைப் பிடியுங்கள். 31.4 மீற்றர் வந்தால் ஆரம் 5 மீற்றர். உச்சியின் உயரத்தை மேசன் பாஸ் மட்டம் பார்க்க வைத்திருக்கிற தண்ணீர் நிரப்பிய குழாயாலேயே பார்த்துவிடலாம், 3 மீற்றர் என்று வைப்போம். அடிப்பரப்பை உயரத்தால் பெருக்கி மூன்றால் வகுத்தால் 78.5 கன மீற்றர், கிட்டத்தட்ட 28 கியூப்.

ஆனால் மலையகத்தில் சமதரை எங்கே இருக்கிறது?

5 மீற்றருக்கு 1 மீற்றர் இறங்குகிற சரிவில், சரிவின் போக்கில் 12 மீற்றர் நீளமும் 10 மீற்றர் அகலமுமாக மண்ணைக் கொட்டியிருக்கிறார்கள் என்று வைப்போம். மேல் விளிம்புக்கும் கீழ் விளிம்புக்கும் 2.4 மீற்றர் வித்தியாசம். கீழ் விளிம்பின் மட்டத்தையே அடி என்று எடுத்துக்கொண்டால், குவியலுக்குக் கீழே ஆப்பு மாதிரி இருக்கிற மலையும் கணக்கில் சேர்ந்துவிடும். அந்த ஆப்பு மட்டும் 144 கன மீற்றர். யாரும் ஏற்றி வராத, அங்கேயே கிடந்த மண்ணுக்கு 51 கியூப் காசு! மேல் விளிம்பை அடியாக எடுத்தால் அதே அளவு டிப்பர்காரருக்கு நட்டம். இரண்டுக்கும் நடுவில் எடுத்தால் சரிதானே என்று தோன்றும், தரை ஒரே சீராகச் சரிந்தால் சரிதான், ஆனால் பழைய தேயிலை மலையில் தண்ணீர் ஓடக் கான் வெட்டியிருப்பார்கள், கல் இருக்கும், படி படியாக மண் இறங்கியிருக்கும்.

அதனால்தான் அளவையாளர்கள் குவியலை ஒரே உருவமாகப் பார்ப்பதில்லை. கோணத்தையும் தூரத்தையும் சேர்த்து அளக்கிற டோட்டல் ஸ்டேஷன் என்ற கருவியால் பல புள்ளிகளின் இடத்தையும் உயரத்தையும் எடுத்து, பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளை முக்கோணங்களாக இணைக்கிறார்கள். ஒவ்வொரு முக்கோணத்தின் கீழும் ஒரு மண் தூண் நிற்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். மேலிருந்து பார்க்கும்போது அதன் பரப்பு 6 சதுர மீற்றர், மூன்று மூலைகளிலும் தரையிலிருந்து உயரம் 1.2, 2.1, 1.8 மீற்றர் என்றால் சராசரி 1.7, கன அளவு 10.2 கன மீற்றர். எல்லாத் தூண்களையும் கூட்டினால் குவியல் வந்துவிடும்.

இதில் புள்ளியின் எண்ணிக்கையைவிட அது விழுகிற இடம்தான் முக்கியம். அடி விளிம்பு, மேல் விளிம்பு, மண் வளைந்து மடிகிற கோடு, இவற்றை விட்டுவிட்டு நடுவில் நூறு புள்ளி எடுத்தாலும் முக்கோணங்கள் பள்ளத்தின் மேலே பாலம் போட்டுவிடும், இல்லாத மண் கூடிவிடும். அப்புறம், ஒவ்வொரு புள்ளியிலும் ஊன்றி அளக்கிற கோலின் கூர் முனை இளகின மண்ணில் இறங்கும். 400 சதுர மீற்றர் குவியலில் எல்லா இடத்திலும் 5 சென்ரிமீற்றர் இறங்கினால் 20 கன மீற்றர் போய்விட்டது, அதுவே 7 கியூப். கோலுக்கு அடியில் ஒரு சிறிய தகடு வைத்தால் போதும்.

வெட்டிய குழியை அளந்த கணக்கும் குவியலை அளந்த கணக்கும் ஒத்துப்போகவில்லை என்று சண்டைக்குப் போகாதீர்கள். நம் சிவப்பு மண்ணை பெக்கோ இயந்திரத்தால் தோண்டினால் இளகி, கால்வாசிக்கு மேலும் பெருக்கும். திரும்ப நிரப்பி இறுக்கினால் சுருங்கும். 7 பேர்ச் (ஏறத்தாழ 177 சதுர மீற்றர்) காணியை 10 சென்ரிமீற்றர் உயர்த்த இறுகிய மண் 6 கியூப்புக்குக் கொஞ்சம் கூட வேண்டும், ஆனால் டிப்பரில் அதைவிடத் தாராளமாக வரவேண்டும். எனவே பேசும்போதே வெட்டிய அளவா, இளகின அளவா என்று கேட்டுவிடுங்கள்.

ட்ரோன் வந்த பிறகு மேல்பரப்பை நிமிடங்களில் எடுத்துவிடுகிறார்கள், நல்ல விஷயம். ஆனால் மண்ணுக்குக் கீழே மூடிக்கிடக்கிற தரையை ட்ரோனாலும் பார்க்க முடியாது. முதல் டிப்பர் வருவதற்கு முன்பே வெறும் தரையை அளந்து, அசையாத பாறையிலோ மதகுச் சுவரிலோ உயரத்தை ஒப்பிட ஒரு மட்டக்குறி போட்டு வையுங்கள். அதைத் தவறவிட்டவர்களுக்கும் ஒரு வழி இருக்கிறது: இப்போதே ஒரு மட்டக்குறி போட்டு அதிலிருந்து குவியலை அளந்து, மண் முழுவதையும் எடுத்த பிறகு அதே குறியிலிருந்து தரையை அளந்தால், இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் அங்கே கிடந்த மண்.