ஒரு நாளைக்கு எத்தனை கிராம் தீவனம்?

வீட்டுப் பின்புறத்தில் அக்வாபோனிக்ஸ் (மீன் தொட்டியின் தண்ணீரை மோட்டாரால் செடிப்படுகை வழியே சுழலவிட்டு, மீனையும் செடியையும் சேர்த்து வளர்க்கும் முறை) அமைக்க விரும்பி என்னிடம் வருபவர்கள் பெரும்பாலும் ஒரு காகிதத்தில் படம் வரைந்துகொண்டே வருகிறார்கள். எத்தனை லிட்டர் தொட்டி, எத்தனை செடிப்படுகை, எத்தனை மீன் குஞ்சு என்பதெல்லாம் அதில் இருக்கும். மீன்வள அறிவியல் படித்து, சென்னை வீட்டுத் தோட்டங்களில் இத்தகைய அமைப்புகளைப் போட்டுக் கொடுப்பதையும் பழுது பார்ப்பதையும் தொழிலாகக் கொண்ட நான் அந்தக் காகிதத்தில் தேடுவது வேறோர் எண்ணை: ஒரு நாளைக்கு எத்தனை கிராம் தீவனம் போடப் போகிறீர்கள் என்பது. அதை எழுதிக்கொண்டு வந்தவர் இதுவரை ஒரே ஒருவர்தான். அவர் ஓய்வுபெற்ற தணிக்கையாளர்.

தீவனத்தை ஏன் இவ்வளவு பெரிதாகப் பேசுகிறேன் என்றால், இந்த அமைப்புக்குள் வெளியிலிருந்து தினமும் நுழைவது அது ஒன்றே. மீன் தின்ற புரதத்தில் உள்ள நைட்ரஜனின் பெரும்பகுதி, செவுள் வழியாக அம்மோனியாவாக நீரில் கலந்துவிடுகிறது. படுகையிலுள்ள ஜல்லியின் மேல் மெல்லிய படலமாக வாழும் ஒரு வகை நுண்ணுயிர்கள் அந்த அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், வேறொரு வகை அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. முதல் இரண்டும் மீனுக்கு நஞ்சு. மூன்றாவது செடிக்கு உணவு. 32 விழுக்காடு புரதமுள்ள தீவனம் ஒரு கிலோ போட்டால், தோராயமாக 30 கிராம் அம்மோனியா நைட்ரஜன் உண்டாகும். தொட்டி பெரிதோ சிறிதோ, இந்தக் கணக்கு மாறாது.

இனி, சென்னையில் எல்லோரும் தொடங்கும் அமைப்பையே எடுத்துக்கொள்வோம். பழைய சாமான் கடையில் கிடைக்கும் 1000 லிட்டர் ஐபிசி டேங்க் (கம்பிக் கூண்டுக்குள் இருக்கும் சதுரமான பிளாஸ்டிக் தொட்டி) ஒன்று மீனுக்கு. இன்னொன்றை வெட்டிச் செய்த இரண்டு படுகைகள், முக்கால் இன்ச் ஜல்லி நிரப்பியவை, செடிக்கு. (அந்த டேங்கில் முன்பு என்ன இருந்தது என்பதைக் கடைக்காரரின் வாய்ச்சொல்லால் அறிய முடியாது. உணவுப்பொருள் ஏற்றி வந்தது என்ற லேபிள் ஒட்டியிருந்தால் மட்டுமே வாங்குங்கள்.) டேங்கின் அடிப்பரப்பு 1 மீட்டருக்கு 1.2 மீட்டர், ஆகவே இரண்டு படுகையும் சேர்ந்து 2.4 சதுர மீட்டர். கீரை வகைகளுக்குச் சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு 40 முதல் 50 கிராம் தீவனம், தக்காளி, கத்தரி போன்று காய்ப்பவற்றுக்கு 50 முதல் 80 கிராம் என்பது ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு சிறு அமைப்புகளுக்குத் தரும் அளவு. கீரை மட்டும் வைத்தால் நம் அமைப்பு நாளொன்றுக்கு ஏறத்தாழ 100 முதல் 120 கிராம் தீவனத்தைத் தாங்கும். வளரும் மீன் தன் எடையில் சுமார் 2 விழுக்காடு தின்னும் என்று கொண்டால், அது 5 அல்லது 6 கிலோ மீனுக்கான தீவனம்.

ஆனால் நடப்பது என்ன? 10 கிராம் குஞ்சுகளாக 100 மீன்களை விடுகிறார்கள். மொத்தமே ஒரு கிலோ. குஞ்சுகள் தம் எடையில் 5 விழுக்காடு தின்றாலும் 50 கிராம் தீவனம்தான். தண்ணீர் கண்ணாடியாக இருக்கும், முளைக்கீரை மூன்றே வாரத்தில் அறுவடைக்கு வரும், வீட்டில் எல்லோரும் மகிழ்ந்துபோவார்கள். அதே 100 மீன்கள் 200 கிராம் ஆகும்போது மொத்த எடை 20 கிலோ. தீவனம் 400 கிராம். அதிலிருந்து பிறக்கும் அம்மோனியா நைட்ரஜன் 12 கிராம். அகற்ற வழியில்லாவிட்டால் ஆயிரம் லிட்டர் தண்ணீரில் ஒரே நாளில் லிட்டருக்கு 12 மில்லிகிராம் ஏறிவிடும். அதற்கு வேண்டிய படுகை 8 முதல் 10 சதுர மீட்டர். இருப்பதோ 2.4.

மடிப்பாக்கத்தில் ஒரு வீட்டில் ஐந்தாவது மாதத்தில் ஒரே இரவில் பாதி மீன்கள் செத்து மிதந்தபோது அந்த வீட்டுக்காரர் என்னிடம் திரும்பத் திரும்பச் சொன்னது, “நான் எதையுமே மாத்தலையே சார்” என்பதுதான். அவர் சொன்னது முழு உண்மை. தொட்டியையும் படுகையையும் மோட்டாரையும் அவர் தொடவேயில்லை. அவர் விரிவாக்காத அமைப்பை மீன்கள் வளர்ந்து விரிவாக்கிவிட்டிருந்தன. செத்த மீன்களின் செவுள் பழுப்பாக இருந்தது; நைட்ரைட் ஏறிய இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் அந்த நிறத்துக்கு மாறும்.

எனவே நான் விரிவாக்கம் என்று சொல்வது இரண்டாவது தொட்டி வாங்குவதை அல்ல. முதலில் படுகை, பிறகு காத்திருப்பு, அதன் பிறகே மீன் என்பதே வரிசை. புதுப்படுகை போட்டவுடன் பழைய படுகையிலிருந்து இரண்டு பக்கெட் ஜல்லியை, கழுவாமல், அழுக்கோடு எடுத்து அதில் கலந்துவிட வேண்டும். அதிலுள்ள நுண்ணுயிர்களே விதை. பிறகு மூன்று நான்கு வாரங்கள் பழைய தீவன அளவிலேயே ஓட்டி, அதன் பின் வாரத்துக்குப் பத்து விழுக்காடு என்ற கணக்கில் மட்டும் தீவனத்தைக் கூட்டுவது என் வழக்கம். அம்மோனியாவோ நைட்ரைட்டோ லிட்டருக்கு ஒரு மில்லிகிராமைத் தொட்டால் அன்று தீவனம் கிடையாது. மீன் ஓரிரு நாள் பட்டினியைத் தாங்கும், அம்மோனியாவைத் தாங்காது. படுகைக்கு இடமே இல்லாதவர்கள் குஞ்சுகளை மொத்தமாக விடாமல் இரண்டு மாத இடைவெளியில் சிறு சிறு கூட்டமாக விட்டு, பெரியவற்றை முன்கூட்டியே பிடித்துச் சமைத்துவிடலாம். ஒரே பெரிய சுற்றைவிட ஒன்றோடொன்று தண்ணீர் கலக்காத இரண்டு சிறு சுற்றுகளே எனக்குப் பிடித்தவை. ஒன்றில் நோய் வந்தால் மற்றது தப்பும்.

புதிய அமைப்பானாலும் இதே பொறுமை வேண்டும். சென்னை வெப்பத்தில் நுண்ணுயிர்ப் படலம் உருவாக மூன்று முதல் ஐந்து வாரம் ஆகும். ஐந்தாறு குஞ்சுகளை மட்டும் விட்டு, ஒரு சிட்டிகைத் தீவனத்தோடு அந்தக் காலத்தைக் கடக்க வேண்டும். தொழிலுக்கு வந்த புதிதில் நானே ஒரு தவறு செய்திருக்கிறேன். அழுக்கேறிய ஜல்லியைச் சுத்தம் செய்கிறேன் என்று குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சிக் கழுவி, நான்கு மாதமாக வளர்ந்த படலத்தை அரை மணி நேரத்தில் அழித்தேன். அந்த வீட்டுக்கு மீன் குஞ்சுகளை என் செலவில் வாங்கிக் கொடுக்க நேர்ந்தது.

தண்ணீரைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் சென்னையின் தண்ணீர் ஒரே வகைத் தண்ணீர் அல்ல. மெட்ரோ வாட்டரையோ லாரித் தண்ணீரையோ நேராகத் தொட்டியில் விடாதீர்கள். தனி டிரம்மில் ஏர் பம்ப் போட்டு ஒன்றிரண்டு நாள் வைத்திருந்தால் குளோரின் வெளியேறிவிடும். போர் தண்ணீர் பல பகுதிகளில் உப்பும் கடினத்தன்மையும் மிகுந்தது. அதில் பி.எச். (தண்ணீர் அமிலமா காரமா என்று காட்டும் அளவு; 7 என்றால் நடுநிலை) 8-ஐ ஒட்டி நிற்கும். அந்த நிலையில், 30 டிகிரி வெப்பத்தில், மொத்த அம்மோனியாவில் சுமார் 7 விழுக்காடு நச்சு வடிவில் இருக்கும். பி.எச். 7 என்றால் அதே வெப்பத்தில் அது ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு. ஒரே அம்மோனியா அளவு ஒரு வீட்டில் மீனைக் கொல்வதும் அடுத்த தெருவில் ஒன்றும் செய்யாததும் இதனால்தான். பி.எச். உயர்ந்தால் செடிக்கு இரும்பும் எட்டாது. இளந்தளிர் மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்பது அதன் அடையாளம். கோடையில் ஆவியாகும் நீருக்கு ஈடாகப் போர் தண்ணீரையே ஊற்றிக்கொண்டிருந்தால் உப்பு தொட்டிக்குள்ளேயே சேர்ந்துகொண்டு போகும்.

மழைக்காலத்தில் நிலைமை தலைகீழாகிறது. நுண்ணுயிர்கள் அம்மோனியாவை மாற்றும்போது தண்ணீரின் காரத்தன்மையை, அதாவது பி.எச். விழாமல் தாங்கும் திறனை, தின்கின்றன. கடினமான போர் தண்ணீர் அந்த இழப்பை மாதக்கணக்கில் மறைத்து வைத்திருக்கும். மழைநீரில் காரத்தன்மை அநேகமாகக் கிடையாது. வடகிழக்குப் பருவமழை திறந்த தொட்டியை நிரப்பி வழியச் செய்துவிட்டால், பி.எச். சில நாட்களிலேயே 6-க்குக் கீழே சரிந்து நுண்ணுயிர்கள் வேலையை நிறுத்திவிடும். 2003-இல் மழைநீர்ச் சேகரிப்பைத் தமிழக அரசு கட்டாயமாக்கிய பிறகு பல வீடுகளில் மழைநீர்த் தொட்டி இருக்கிறது. அந்த நீரையும் போர் நீரையும் கலந்து, பி.எச். 7-ஐ ஒட்டி வைத்திருப்பதே நான் கண்ட எளிய வழி. பி.எச்., அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட் நான்கையும் பார்க்கும் சொட்டு மருந்து டெஸ்ட் கிட் இல்லாமல் இத்தொழிலில் இறங்குவது கண்ணைக் கட்டிக்கொண்டு வண்டி ஓட்டுவது போன்றது.

கோடையின் சிக்கல் ஆக்சிஜன். 20 டிகிரியில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் ஆக்சிஜனைப் பிடித்துவைக்கும் தண்ணீர் 30 டிகிரியில் ஏழரையைத்தான் பிடிக்கும். கத்திரி வெயிலில் தொட்டி அதைவிடவும் சூடேறும். மீனின் தேவையோ கூடும். மே மாத இரவில் மின்சாரம் போனால், நிறைய மீன் உள்ள தொட்டியில் விடிவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். தண்ணீர் மோட்டாருக்கு இல்லாவிட்டாலும், பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்றாவது இருக்க வேண்டும். தொட்டிக்கும் படுகைக்கும் மேலே 50 விழுக்காடு நிழல் தரும் பச்சை வலை கட்டுங்கள்.

மின்சாரம் என்றதும் இன்னொன்று. தண்ணீருக்குள் மோட்டார் ஓடும் இடத்தில் 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. இல்லாமல் நான் வேலையை ஒப்புக்கொள்வதில்லை. மீன் செத்தால் குஞ்சு வாங்கிக்கொள்ளலாம்.

மொட்டை மாடியில் வைக்கலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில் பெரும்பாலும் இல்லை என்பதே. நம் வீடுகளின் மாடித்தளம் பொதுவாகச் சதுர மீட்டருக்கு 150 கிலோ அளவிலான பளுவுக்கே வடிவமைக்கப்படுகிறது. நிரம்பிய ஐபிசி டேங்க் தன் அடிப்பரப்பில் சதுர மீட்டருக்கு 800 கிலோவுக்கு மேல் அழுத்தும். கட்டமைப்புப் பொறியாளர் பார்த்துக் கையெழுத்திடாத மாடியில் வேண்டாம். தரையிலும் களிமண்ணானால் கான்கிரீட் தளம் போட்டே தொட்டியை நிறுத்த வேண்டும். வேளச்சேரி, மடிப்பாக்கம் போன்ற தாழ்வான பகுதிகளில் 2015-லும் 2023 மிக்ஜாம் புயலிலும் தண்ணீர் நின்ற உயரத்தைச் சுவரில் பார்த்துவிட்டு, இன்வெர்ட்டரையும் பிளக் பாயின்டையும் அதற்கு மேலே வையுங்கள்.

வெள்ளம் மீனையும் வெளியே கொண்டுபோகும் என்பதால், எந்த மீன் என்பது நம் வீட்டு விஷயம் மட்டுமல்ல. ஆப்பிரிக்கக் கெளுத்தி இந்தியாவில் தடை செய்யப்பட்டது. எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். நம் ஏரிகளை நிறைத்திருக்கும் ஜிலேபி மீன் 1952-இல் வெளிநாட்டிலிருந்து கொண்டுவரப்பட்டதுதான். அதன் உறவினமான, மேம்படுத்தப்பட்ட கிஃப்ட் திலேப்பியாவை வளர்க்க அரசு விதிமுறைகள் உண்டு. மீன்வளத் துறை அலுவலகத்தில் கேட்டுவிட்டு, அனுமதி பெற்ற பொரிப்பகத்திலிருந்தே குஞ்சு எடுங்கள். மீன் சாப்பிடாத வீடுகளுக்குக் கொளத்தூரில் கிடைக்கும் கோய் கெண்டையே போதும். கீரைக்கு அது எந்த மீனின் கழிவு என்பது பொருட்டல்ல.

கொசுவைப் பொறுத்தவரை, மீன் உள்ள தொட்டியில் புழு தங்காது. தங்குவது மீன் இல்லாத இடங்களில்: படுகையிலிருந்து வடியும் நீர் சேரும் வடிநீர்த் தொட்டி, குளோரின் போக்க வைத்த டிரம், மழையில் மறந்துபோன பக்கெட். டிரம்மை வலையால் மூடி, வடிநீர்த் தொட்டியில் நான்கு கப்பி மீன்களை விட்டுவிடுங்கள். படுகையில் மேல் இரண்டு அங்குல ஜல்லி எப்போதும் உலர்ந்திருக்கும்படி தண்ணீர் மட்டத்தை வைத்தால், அங்கே பாசியும் பிடிக்காது, கொசுவும் முட்டையிடாது.