பிராக்ஸ்ஃபீல்டு உங்கள் முப்பாட்டனா? ஸ்காட்லாந்து வம்சாவளி தேடுவதற்கு முன்

"அக்கா, என் வீட்டுக்காரருடைய முன்னோர் ஒருத்தர் பெரிய ஜட்ஜாம். மாமியார் வீட்டுக் கூடத்தில் படம்கூட மாட்டியிருக்கிறார்கள். பையனுக்குப் பள்ளிக்கூடத்தில் குடும்ப வரலாறு எழுதச் சொல்லியிருக்கிறார்கள். நீங்கள் கொஞ்சம் பார்த்து உறுதி செய்து கொடுங்களேன்."

கிளாஸ்கோவில் வாழும் ஒரு தமிழ்ப் பெண் இப்படித்தான் என்னிடம் பேச ஆரம்பித்தார். நான் எடின்பரோவில் வம்சாவளி ஆய்வைத் தொழிலாகச் செய்கிறேன். என்னிடம் வருகிற ஸ்காட்லாந்துக் குடும்பங்களில் பல, ஒரு பெரிய மனிதரைக் கையில் பிடித்துக்கொண்டுதான் வருகின்றன. ஒரு வீட்டில் அவர் படைத்தளபதி, இன்னொரு வீட்டில் கவிஞர். இந்த வீட்டில் நீதிபதி. கணவரின் குடும்பப்பெயர் மெக்வீன். படத்தில் இருந்தவர் ராபர்ட் மெக்வீன், அதாவது லார்டு பிராக்ஸ்ஃபீல்டு. ரேபர்ன் வரைந்த ஓவியத்தின் அச்சுப் பிரதி அது.

பிராக்ஸ்ஃபீல்டை அறியாதவர்களுக்காகச் சுருக்கமாக: 1722இல் லானார்க் ஊரை ஒட்டிப் பிறந்தவர். அப்பா ஜான் மெக்வீனும் சட்டத்துறைக்காரர். மகன் 1744இல் வழக்கறிஞரானார், 1776இல் நீதிபதியானார், 1788இல் குற்றவியல் நீதிமன்றத்தை நடத்தும் லார்டு ஜஸ்டிஸ் கிளார்க் பதவிக்கு வந்தார். பகலில் மதிப்புக்குரிய நகரசபை உறுப்பினராகவும் இரவில் கொள்ளைக்காரனாகவும் வாழ்ந்த டீக்கன் பிராடிக்குத் தூக்குத் தண்டனை விதித்தவர் இவர். 1793இல் மக்களுக்கு வாக்குரிமை கேட்ட தாமஸ் மியூரை 14 ஆண்டுகளுக்கு நாடு கடத்தியவரும் இவரே. 1799இல் இறந்தார். மியூருக்கு அவர் செய்ததை என்னால் ஏற்க முடியவில்லை. ஆனால் வம்சாவளி ஆய்வில் பிடித்த முன்னோர், பிடிக்காத முன்னோர் என்று பிரிக்க முடியாது. இருந்தால் இருக்கிறார், அவ்வளவுதான்.

சரி, இந்த மெக்வீன் குடும்பத்துக்கு அவர் இருக்கிறாரா?

அவர்கள் கையில் இணையத்தில் காசு கொடுத்து வாங்கிய ஒரு வம்ச வரைபடம் இருந்தது. மேலே நீதிபதி, கீழே கிளைகிளையாகப் பெயர்கள், கடைசியில் இந்தப் பையன். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் நீதிபதிக்கு மூன்றாவதாக ஒரு மகன் இருந்ததாகப் போட்டு, அந்த மகன் வழியாக இவர்களை இணைத்திருந்தார்கள். நீதிபதிக்கு மகன்கள் இரண்டே பேர். மூத்தவர் ராபர்ட் டண்டாஸ் மெக்வீன், இளையவர் ஜான். முதல் மனைவி மேரி ஆக்னியூவுக்குப் பிறந்தவர்கள். மகள்களும் இரண்டு பேர்: மேரி, கேத்தரின்.

மகள்களைக் கொஞ்சம் கவனியுங்கள். மேரியை மணந்தவர் வில்லியம் ஹனிமன். அவரும் பிறகு நீதிபதியாகி லார்டு ஆர்மடேல் ஆனார். கேத்தரினை மணந்தவர் கிளான்ரானல்டு குலத்தலைவர் ஜான் மெக்டொனால்டு. அந்தக் கேத்தரினின் மகன், அதாவது நம் நீதிபதியின் பேரன் ரானல்டு ஜார்ஜ் மெக்டொனால்டுதான் பரம்பரை நிலங்களை ஒவ்வொன்றாக விற்று, 1838இல் சவுத் யூயிஸ்ட் தீவையும் விற்றவர். ஆக நீதிபதியின் ரத்தம் ஹனிமன் என்றும் மெக்டொனால்டு என்றும் பெயர் மாறி ஓடியிருக்கிறது. மெக்வீன் என்ற பெயரைச் சுமப்பவர்களோ லானார்க் முதல் ஸ்கை தீவு வரை ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு அவரோடு எந்த உறவும் கிடையாது. குடும்பப்பெயர் ஒன்றாக இருப்பதை வைத்து நாம் எல்லோரையும் பங்காளி என்று சொல்லிவிடுவதில்லையே. அங்கேயும் அப்படித்தான்.

பட்டத்திலும் ஒரு குழப்பம் இருக்கிறது. 'லார்டு' என்றதும் பரம்பரைப் பிரபு என்று பலரும் எடுத்துக்கொள்கிறார்கள். ஸ்காட்லாந்தின் உச்ச உரிமையியல் நீதிமன்றமான கோர்ட் ஆஃப் செஷன் 1532இல் நிறுவப்பட்டது. அதில் நீதிபதியாக அமர்பவருக்கு 'லார்டு' பட்டம் உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டில் பலரும் தங்கள் நிலத்தின் பெயரை அதோடு சேர்த்துக்கொண்டார்கள். ஹென்றி ஹோம் லார்டு கேம்ஸ் ஆனார். ஜேம்ஸ் பர்னெட் லார்டு மான்போடோ ஆனார். அலெக்சாண்டர் பாஸ்வெல் லார்டு ஆக்கின்லெக் ஆனார். இந்தப் பட்டம் அவரவர் ஆயுளோடு முடியும், பிள்ளைக்கு வராது. பிராக்ஸ்ஃபீல்டு என்பது கிளைடு ஆற்றங்கரையில் இருந்த அவருடைய பண்ணை நிலத்தின் பெயர். அதைக் குடும்பப்பெயர் என்று நினைத்து ஞானஸ்நானப் பதிவேடுகளில் நாள்கணக்கில் தேடியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

நீதிபதியிடமிருந்து கீழே இறங்கி வராதீர்கள். நீங்கள் நிற்கும் இடத்திலிருந்து மேலே ஏறுங்கள். இதை எத்தனை தடவை சொன்னாலும் எனக்கு அலுக்காது. மேலிருந்து வரும்போது எந்தக் கிளையையும் வளைத்து உங்கள் வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்துவிடலாம். கீழிருந்து ஏறினால் ஒவ்வொரு படிக்கும் ஒரு காகிதம் வேண்டும். இன்னொரு கணக்கும் இருக்கிறது. 1722இல் பிறந்தவர் இன்றைய நடுத்தர வயதுக்காரருக்கு ஏறக்குறைய எட்டாவது தலைமுறை. எட்டாவது தலைமுறையில் நமக்கு 256 முன்னோர்களுக்கு இடம் இருக்கிறது. அந்த ஒருவருக்காக மற்ற 255 பேரை விட்டுவிடலாமா?

ஏறுவதற்கு ஸ்காட்லாந்து மிக நல்ல ஊர். 1855 ஜனவரி 1 முதல் பிறப்பு, திருமணம், இறப்பு மூன்றையும் அரசு பதிவு செய்கிறது. இறப்புச் சான்றிதழில் இறந்தவரின் அப்பா பெயர், அம்மா பெயர், அம்மாவின் பிறந்தவீட்டுப் பெயர் எல்லாம் இருக்கும். எண்பது வயதுப் பாட்டி 1860இல் இறந்திருந்தால், அந்த ஒரு தாள் உங்களை 1780க்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தும். பெண்கள் திருமணத்துக்குப் பிறகும் பிறந்தவீட்டுப் பெயரை இழக்காதது இங்கே பழைய வழக்கம். கல்லறைக் கல்லில்கூட அதைச் செதுக்கியிருப்பார்கள். 1855ஆம் ஆண்டுச் சான்றிதழ்கள் தனி ரகம். பெற்றோரின் வயது, பிறந்த ஊர், மணமான நாள், மற்ற பிள்ளைகளின் எண்ணிக்கை என்று அத்தனையும் கேட்டு எழுதினார்கள். வேலை அதிகம் என்று அடுத்த ஆண்டே குறைத்துவிட்டார்கள். உங்கள் குடும்பத்தில் யாராவது 1855இல் பிறந்திருந்தாலோ இறந்திருந்தாலோ, அந்தத் தாளை முதலில் எடுங்கள். எல்லாம் ஸ்காட்லாண்ட்ஸ்பீப்புள் என்ற அரசு இணையதளத்தில் கிடைக்கின்றன.

எங்களுக்கு அந்த அதிர்ஷ்டம் அடித்தது. கணவரின் நேர் முன்னோர் ஒருவர் 1855இல் நியூ லானார்க்கில் பிறந்திருந்தார். அப்பா பஞ்சாலைத் தொழிலாளி. அந்த அப்பா 1870களில் இறந்தபோது எழுதப்பட்ட சான்றிதழில் வசிப்பிடம்: பிராக்ஸ்ஃபீல்டு ரோ, நியூ லானார்க்.

அதைப் படித்ததும் சிறிது நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். 1785இல் டேவிட் டேல் பஞ்சாலை தொடங்க இடம் தேடியபோது, கிளைடு அருவிகளுக்குக் கீழே இருந்த அந்த நிலத்தைக் கொடுத்தவர் நம் நீதிபதிதான். ஆலைத் தொழிலாளர்களுக்குக் கட்டிய வரிசை வீடுகளில் ஒன்றுக்குத்தான் பிராக்ஸ்ஃபீல்டு ரோ என்று பெயர். இன்றும் நிற்கிறது, போய்ப் பார்க்கலாம். அந்த வீட்டில் பிறந்த பிள்ளைகள் கிளாஸ்கோவுக்கு வேலை தேடிப் போயிருப்பார்கள். "நாங்கள் பிராக்ஸ்ஃபீல்டிலிருந்து வந்தவர்கள்" என்று பேரப்பிள்ளைகளிடம் சொல்லியிருப்பார்கள். பேரப்பிள்ளைகளில் ஒருவர் நூலகத்தில் அந்தப் பெயரைத் தேடியிருப்பார். மெக்வீன் என்ற பெயரோடு ஒரு நீதிபதியே கிடைத்துவிட்டார்! வாய்வழிக் கதை பொய்யே இல்லை. இடத்தின் பெயராக இருந்தது ஆளின் பெயராக மாறியிருக்கிறது. எனக்கு இது அடிக்கடி கண்ணில் படுகிறது. அதனால் வீட்டுப் பெரியவர்கள் சொல்வதை எழுதி வைக்கும்போது அவர்கள் வாயிலிருந்து வந்த வார்த்தைகளை அப்படியே எழுதுங்கள். 'பிராக்ஸ்ஃபீல்டிலிருந்து' என்றார்களா, 'பிராக்ஸ்ஃபீல்டுடைய' என்றார்களா என்பதில் ஒரு வம்சமே மாறிப்போகும்.

1851 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இதே குடும்பத்தோடு எழுபது வயதுக் கிழவர் ஒருவர் இருந்தார், குடும்பத் தலைவரின் அப்பா. பிறந்த இடம் ஸ்கை தீவில் ஸ்னிசார்ட். லானார்க்கே இல்லை! 1791இல் ஸ்கை தீவிலிருந்து அமெரிக்காவுக்குப் புறப்பட்ட ஒரு கப்பல் புயலில் சிக்கி கிரீனாக் துறைமுகத்தில் ஒதுங்கியது. அதில் இருந்தவர்களுக்கு டேல் வேலையும் வீடும் தருவதாகச் சொன்னார். பலர் பயணத்தைக் கைவிட்டு நியூ லானார்க்குக்கு வந்தார்கள். கிழவருக்கு அப்போது பத்து வயது. மெக்வீன் என்பது ஸ்னிசார்டின் பழைய குடும்பப்பெயர். எல்லாம் பொருந்தி வருகிறது. ஆனால் அவர் அந்தக் கப்பலில்தான் வந்தார் என்று நான் எழுதித் தரவில்லை. பொருந்தி வருவதைச் சான்று என்று நினைத்ததால்தானே அந்த மூன்றாவது மகன் பிறந்தார்.

1855க்கு முன்னால் போகவேண்டுமானால் திருச்சபைப் பதிவேடுகள்தான். மிகப் பழையது பெர்த்ஷயரில் உள்ள எரல் ஊரின் பதிவேடு, 1553இல் தொடங்குகிறது. ஆனால் எல்லா ஊரும் எரல் ஆகாது. ஸ்கை தீவில் பெரும்பாலான பதிவேடுகள் 1800க்குப் பிறகே தொடங்குகின்றன. 1783 முதல் 1794 வரை ஒவ்வொரு பதிவுக்கும் மூன்று பென்ஸ் வரி போட்டார்கள். ஏழைகள் பலர் பிள்ளைகளைப் பதியாமலே விட்டுவிட்டார்கள். பதிவேட்டில் பெயர் இல்லை என்பதற்காக அந்தப் பிள்ளை பிறக்கவில்லை என்று ஆகிவிடாது. முதல் மகனுக்கு அப்பாவழித் தாத்தா பெயர், இரண்டாம் மகனுக்கு அம்மாவழித் தாத்தா பெயர், முதல் மகளுக்கு அம்மாவழிப் பாட்டி பெயர் என்று வைக்கும் வழக்கம் அங்கே இருந்தது. பேரன் பேத்திக்குப் பெயர் வைக்கும் முறை நமக்கும் உண்டு என்பதால் தமிழர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். ஒரு குறிப்பாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் குடும்பத்துக்கு நிஜமாகவே ஒரு நீதிபதியோ நிலக்காரரோ முன்னோராக இருந்தால், வாரிசுச் சட்டத்தைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். 1868 வரை ஸ்காட்லாந்தில் நிலத்தை உயில் எழுதிக் கொடுக்க முடியாது. சட்டப்படி மூத்த மகனுக்குப் போகும். அதனால் நிலத்துக்கான வாரிசு நிர்ணயப் பதிவேடுகளில் மூத்தவர் மட்டும் தெரிவார், இளையவர்களும் மகள்களும் மறைந்துவிடுவார்கள். அவர்களைப் பிடிக்க உயில் பதிவேடுகளுக்குப் போகவேண்டும். பணம், பண்டம், ஆடுமாடு போன்ற அசையும் சொத்தில் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, பிள்ளைகளுக்குச் சேர்த்து மூன்றில் ஒரு பங்கு என்று சட்டமே உரிமை கொடுத்திருந்தது. பங்கு கேட்டவர்கள் பெயர் காகிதத்தில் ஏறும். ஒரு குடும்பத்தில் சண்டை வந்திருந்தால் எங்களைப் போன்றவர்களுக்கு இன்னும் நல்லது, எல்லா உறவுமுறையையும் வழக்குக் கட்டில் விரிவாக எழுதியிருப்பார்கள்.

நீதிபதியின் பெயர் உங்களுக்கு வேறு விதத்திலும் உதவும். அவர் உங்கள் முன்னோராக இல்லாவிட்டாலும், உங்கள் முன்னோர் அவர் முன்னால் நின்றிருக்கலாம். சாட்சியாக, வாதியாக, கைதியாக. மியூர் வழக்கில் சாட்சி சொன்னவர்களில் மியூர் வீட்டில் வேலை பார்த்த ஆனி ஃபிஷர் என்ற பெண்ணும் ஒருத்தி. ஒரு வேலைக்காரப் பெண் பேசியது 1793லிருந்து இன்றுவரை எழுத்தில் இருப்பது நீதிமன்றத்தால்தான். ஜோசப் நைட் கதையும் அப்படியே. சிறுவயதில் ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டு, ஜமைக்காவில் விற்கப்பட்டு, ஸ்காட்லாந்துக்கு அழைத்துவரப்பட்டவர். எஜமானரை எதிர்த்து வழக்குப் போட்டு 1778இல் கோர்ட் ஆஃப் செஷனில் வென்றார். அவர் எப்படி வந்தார், யாரை மணந்தார் என்பதெல்லாம் அந்த வழக்குத் தாள்களில்தான் இருக்கிறது. இந்தக் கட்டுகளை எடின்பரோவில் உள்ள ஸ்காட்லாந்து தேசிய ஆவணக் காப்பகத்தில் பாதுகாக்கிறார்கள். என் தொழிலில் எனக்கு மிகப் பிடித்த வேலை இவற்றைப் பிரித்துப் படிப்பதுதான்.

அப்புறம், காசு செலவழிக்கும் முன் இரண்டு எச்சரிக்கைகள். "உங்கள் குடும்பச் சின்னம்" என்று கேடயம் போட்ட தட்டு விற்பார்கள். ஸ்காட்லாந்துச் சட்டப்படி அந்தச் சின்னம் ஒரு தனி மனிதருக்குச் சொந்தம், ஒரு குடும்பப்பெயருக்கு அல்ல. அடுத்தவர் சின்னத்தைத் தன்னுடையதாகப் பயன்படுத்துவது அங்கே குற்றம், அதைக் கவனிக்க லார்டு லயன் என்ற தனி அதிகாரியின் நீதிமன்றமே இருக்கிறது. இன்னொன்று டிஎன்ஏ சோதனை. எட்டுத் தலைமுறைக்கு முந்தைய ஒருவரின் பங்கு வழக்கமான சோதனையில் தெரியாமலே போகலாம். தகப்பன் வழியாக மட்டும் இறங்கும் ஒய் குரோமோசோம் சோதனை உதவும், ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க அந்தத் தகப்பன்வழியில் வந்த இன்னொரு ஆண் உயிரோடு கிடைக்க வேண்டும்.

இதையெல்லாம் அந்தப் பெண்ணிடம் சொல்லும்போது எனக்குத் தயக்கமாகத்தான் இருந்தது. கூடத்தில் மாட்டிய படத்தைக் கழற்றச் சொல்வது சின்ன விஷயமில்லை. அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்: "அப்போ அந்தப் பத்து வயசுப் பையன் பேர் என்ன அக்கா?"

பெயரைச் சொன்னேன். தன் மகனுக்கு நடுப்பெயராக மாமியார் வைத்த பெயரும் அதுதான் என்றார். அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று மாமியாருக்கும் தெரியாதாம்.

ஸ்னிசார்ட் பகுதி அந்தக் காலத்தில் மெக்டொனால்டு பிரபுக்களின் நிலம். அவர்களுடைய பண்ணை ஆவணங்கள் ஸ்கை தீவின் ஆர்மடேலில் இருக்கின்றன. நீதிபதியின் மருமகன் தன் பட்டத்தில் சேர்த்துக்கொண்ட ஆர்மடேல் சதர்லாந்தில் இருக்கிறது, அது வேறு ஊர், குழப்பிக்கொள்ளாதீர்கள். அடுத்த மாதம் அங்கே போகிறேன். 1791க்கு முன் ஸ்னிசார்டில் குத்தகை கட்டிய மெக்வீன்கள் யார் யார், அந்த ஆண்டுக்குப் பிறகு கணக்கில் யார் பெயர் விடுபட்டிருக்கிறது என்று பார்க்கவேண்டும்.