கருப்பை வாய் ஊசி அல்ல, மருத் தீநுண்மித் தடுப்பூசி

போன வாரம் குழந்தைகள் மருத்துவரிடம் காத்திருந்தேன். பக்கத்தில் ஓர் அப்பா, மகளுக்கு ஹெச்பிவி (ஹியூமன் பாப்பிலோமா வைரஸ்) ஊசி போட்டு முடித்திருந்தார். "தம்பிக்கும் பன்னிரண்டு வயசாச்சே சார், அவனுக்கும் போட்டுடலாம்" என்றார் நர்ஸ். அப்பா சுவரில் இருந்த பலகையைக் காட்டினார். "கருப்பை வாய்ப் புற்றுநோய் தடுப்பூசின்னுதானேம்மா எழுதியிருக்கு? இவனுக்கு ஏது கருப்பை?" நர்ஸ் விளக்குவதற்குள் பையனைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அவர்மேல் தவறில்லை. அந்தப் பெயரை எழுதியவர்மேல்தான் தவறு.

'பாப்பில்லா' இலத்தீனில் முலைக்காம்பு. 'ஓமா' கட்டியைக் குறிக்கும் கிரேக்க ஈறு. காம்புபோல் துருத்தும் சதை, அதாவது நம் 'மரு'. அதை உண்டாக்கும் வைரஸ் குடும்பம் இது. மாடு, முயலுக்குத் தனி வகைகள் உண்டு. அதனால்தான் முன்னால் 'ஹியூமன்', அதாவது 'மனித', ஒட்டியது.

இதற்கான ஊசிக்குக் 'கருப்பை வாய்ப் புற்றுநோய் தடுப்பூசி' என்று பெயர் வைப்பது மொழிபெயர்ப்பே அல்ல. வைரஸின் பெயரைத் தூக்கிவிட்டு, அது செய்யும் கேடுகளில் ஒன்றை அந்த இடத்தில் உட்கார்த்துவது. இதே வைரஸ் ஆண்களுக்குத் தொண்டை, ஆசனவாய், ஆண்குறிப் புற்றுநோய்களையும் தரும். ஹெபடைடிஸ் பி ஊசியும் ஈரல் புற்றுநோயைத் தடுக்கிறது. அதை யாராவது 'ஈரல் புற்றுநோய் ஊசி' என்கிறோமா? ஹெச்பிவி ஊசியை அமெரிக்கா 2009-லேயே ஆண்களுக்கு அனுமதித்தது. ஆஸ்திரேலியா 2013 முதல் பள்ளிப் பையன்களுக்கு இலவசமாகப் போடுகிறது. 2022-ல் இங்கே அனுமதி பெற்ற இந்திய ஹெச்பிவி ஊசியான செர்வாவாக்கும் இருபாலருக்கும் உரியதே. ஆனால் அந்த வணிகப் பெயரிலும் 'செர்விக்ஸ்', அதாவது கருப்பை வாய்தான் ஒலிக்கிறது. பிறகு 'ஆண்கள் முன்வருவதில்லை' என்று கட்டுரை எழுதுகிறார்கள். அழைப்பிதழில் பெயரே இல்லாதவன் எப்படி வருவான்?

சிலர் 'பாலியல் நோய்த் தடுப்பூசி' என்று எழுதுகிறார்கள். அது இன்னும் மோசம். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு அந்தப் பெயரில் ஊசி போட எந்த வீட்டில் சம்மதிப்பார்கள்? உறவின் வழி பரவுவதை மருத்துவர் நேரில் சொல்லட்டும். பலகையில் அதுவே பெயராக வேண்டாம்.

நூல்களில் 'மருத் தீநுண்மி' என்று எழுதலாம்; தீநுண்மி என்றால் வைரஸ். பலகைக்கு 'மரு வைரஸ்' போதும். வைரஸ் எல்லோருக்கும் புரிந்த சொல், அதில் தூய்மை பார்க்க மாட்டேன். இந்த வைரஸில் புற்றுநோய் தரும் 16, 18 எண் வகைகள் மருவை உண்டாக்குவதில்லையே, 6, 11 போன்ற வகைகள்தானே என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் 'பாப்பிலோமா' என்ற மூலப் பெயரும் அந்தக் குறையோடுதான் உலகமெங்கும் வழங்குகிறது. பலகையில் 'மரு வைரஸ்' என்பதன் கீழே ஒரு வரி: 'ஆண், பெண் இருவருக்கும்.'