காலடியில் கிடக்கும் தலைப்பு

‘தமிழ்த் துணைத்தலைப்புகளுடன்.’ படம் பார்க்கும் செயலியைத் திறந்தால் மொழிப் பட்டியலுக்குப் பக்கத்தில் இது நிற்கிறது. புதுத் தொடருக்கான விளம்பரத்தில் ஒரு கனத்த குரல் இதையே சொல்கிறது. திரைப்பட விழாக் கையேடுகளிலும் இதுதான். கேட்பவருக்கு, ஏதோ புத்தகத்துக்கு இரண்டாவதாக ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள் போலும் என்று தோன்றும். அவர்கள் சொல்ல வந்தது சப்டைட்டில்.

வீட்டில் இந்தச் சொல் யார் வாயிலும் வருவதில்லை. சிங்கப்பூரின் செங்காங் வட்டாரத்தில் ஒரு வரவேற்பறையில் ‘வசந்தம்’ தமிழ் ஒளிவழியில் தொடர் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். பாட்டி காதால் கேட்கிறார். பேரன் அடியில் ஓடும் ஆங்கிலத்தைப் படித்துக் கதையைப் பிடித்துக்கொள்கிறான். “சப்டைட்டில் சீக்கிரம் போயிடுது பாட்டி” என்பான். “கீழ எழுத்து ஓடுதே, அதைப் படிடா” என்பார் அவர். “துணைத்தலைப்பைப் படி” என்று எந்தப் பாட்டியும் சொல்லப் போவதில்லை. சிங்கப்பூரில் வீட்டில் அதிகம் தமிழ் பேசுவோர் 2010 கணக்கெடுப்பில் 3.3 விழுக்காடு, 2020இல் 2.5. அந்த அடிவரியை நம்பித் தமிழ்த் தொடர் பார்க்கும் பிள்ளைகள் இனி கூடத்தான் செய்வார்கள். அதற்கு வாயில் நுழையும் ஒரு தமிழ்ப் பெயர் இருக்க வேண்டாமா?

சொல் வந்த வழி சிறியது. லத்தீனில் ‘டிட்டுலுஸ்’ என்றால் பொறித்த எழுத்து, ஒன்றின்மேல் மாட்டிய பெயர்ப்பலகை. அது ஆங்கிலத்தில் ‘டைட்டில்’ ஆகி நூலின் பெயரைக் குறித்தது. அதன் கீழே சின்ன எழுத்தில் வரும் இரண்டாம் பெயர் ‘சப்டைட்டில்’. மௌனப்படக் காலத்தில் காட்சிக்கும் காட்சிக்கும் நடுவே காட்டிய எழுத்து அட்டைகளுக்கும் இதே பெயர் போயிற்று. 1910களின் பிற்பகுதியில் நடராஜ முதலியார் எடுத்த ‘கீசக வதம்’ படத்திலும் அப்படிப்பட்ட அட்டைகள் உண்டு, தமிழிலும் ஆங்கிலத்திலும் இந்தியிலுமாக. படம் பேச ஆரம்பித்ததும் அட்டைக்கு வேலை போயிற்று. வேற்றுமொழிக்காரர்களுக்காக எழுத்து படத்தின்மேலேயே, அடியில் ஏறிக்கொண்டது. பழைய பெயரும் கூடவே ஒட்டிக்கொண்டு வந்தது. ஆகவே இங்கே ‘டைட்டில்’ என்பது காட்டப்படும் எழுத்து. தலைப்புக்கும் இதற்கும் உறவு விட்டுப்போய் நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது.

இந்த வரலாற்றைப் பார்க்காமல், அகராதியில் ‘சப்’ என்றால் துணை, ‘டைட்டில்’ என்றால் தலைப்பு என்று எடுத்து, இரண்டையும் ஒட்டி, நடுவில் ஒரு ‘த்’ போட்டுவிட்டார்கள். புணர்ச்சி சரி. பொருள்தான் இல்லை.

துணைத்தலைப்புக்கு ஏற்கெனவே ஒரு வேலை இருக்கிறது. செய்தித்தாளில் பெரிய தலைப்புக்குக் கீழே வரும் இரண்டாவது வரி, ஆய்வுக் கட்டுரையின் உட்பிரிவுக்கு இடும் பெயர், நூலின் பெயருக்குக் கீழ் வரும் விளக்கப் பெயர், எல்லாம் துணைத்தலைப்பே. ‘இந்தப் படத்தின் துணைத்தலைப்பு நன்றாக இல்லை’ என்று ஒருவர் எழுதினால், பெயருக்குக் கீழே போட்ட விளம்பர வாசகத்தைக் குறை சொல்கிறாரா, இரண்டரை மணி நேரம் ஓடிய மொழிபெயர்ப்பைக் குறை சொல்கிறாரா? இரண்டையும் குறை சொல்லலாம் என்பது வேறு விஷயம். தலைப்பு என்ற சொல்லுக்குள் தலை உட்கார்ந்திருக்கிறது. மேலே இருப்பது, முதலில் வருவது, ஒன்றே ஒன்றாக இருப்பது. இதுவோ படத்தின் காலடியில் கிடக்கிறது. ஒரு படத்தில் ஆயிரத்துக்கு மேல் வருகிறது. காலடியில் ஆயிரம் தலை! சேலைத் தலைப்பாவது ஓர் ஓரத்தில் இருக்கும்.

இந்தச் சொல்லுக்கு வக்காலத்து வாங்குவோர் சொல்லும் நியாயங்கள் மூன்று. ‘துணை’ என்பது உதவியைக் குறிக்கிறது, மொழி தெரியாதவருக்கு இது துணைதானே என்பது ஒன்று. துணையோடு எனக்குச் சண்டை இல்லை, சண்டை தலைப்போடுதான். கலைச்சொல் பட்டியலில் ஏறிவிட்டது, இனி மாற்றினால் குழப்பம் என்பது இன்னொன்று. ஏறியது பட்டியலிலும் செயலியிலும் விளம்பரத்திலும் கையேட்டிலும் மட்டும்தான். பேச்சில் ஏறாத சொல்லை மாற்றினால் யார் குழம்பப்போகிறார்கள்? மூன்றாவது நியாயம்தான் மொழிபெயர்ப்பாளர்களிடம் அடிக்கடி கேட்பது: கலைச்சொல் என்றால் ஆங்கிலத்துக்குத் திருப்பி மொழிபெயர்த்தாலும் அதே சொல் வர வேண்டுமாம். இது தமிழ் படிப்பவருக்காகச் செய்யும் வேலையா, சரிபார்க்கும் மேலாளருக்காகச் செய்யும் வேலையா என்று புரியவில்லை.

சிங்கப்பூரில் இருந்துகொண்டு இப்படிச் சொல்வதுதான் வேடிக்கை. பக்கத்து மேசையில் இருப்பவரைக் கேட்டாலே போதும். சீனத்தில் இதற்கு ‘ஸிமூ’ என்று பெயர்: எழுத்துத் திரை. இங்கே திரையரங்கில் ஆங்கிலப் படத்தின் அடியில் சீன எழுத்து ஓடுவது அன்றாடக் காட்சி. கோப்பிக்கடைத் தொலைக்காட்சியை ஒலியே இல்லாமல் ஓடவிட்டாலும் தாத்தாக்கள் கதையை விடாமல் பார்ப்பது அதை வைத்துத்தான். மலாயில் ‘சாரி காத்தா’. சாரி என்றால் சாரம், காத்தா என்றால் சொல். பேச்சின் சாரம்! முழுப் பேச்சையும் அடியில் அடைக்க முடியாது, சாரத்தைத்தான் தர முடியும் என்ற தொழில் உண்மையே அந்தப் பெயருக்குள் இருக்கிறது. இருவரில் ஒருவரும் ‘டைட்டில்’ பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. பொருளைப் பார்த்தார்கள், பெயர் வைத்தார்கள். நாம்தான் சொல்லைப் பார்த்துச் சொல் வைத்தோம்.

தமிழிலும் அப்படிப் பொருளைப் பார்த்து வைத்த பெயர் ஒன்று புழக்கத்தில் உண்டு: வசனவரி. ‘பாடல் வரிகள்’ என்று எல்லாரும் சொல்கிறோம். பாட்டின் சொற்களை எழுதிக் காட்டினால் பாடல் வரி, வசனத்தை எழுதிக் காட்டினால் வசனவரி. தனியாக விளக்க வேண்டியதே இல்லை. ‘வசனவரி முந்தி வருது’, ‘வசனவரியைப் பெரிசாக்கு’, ‘வசனவரி இல்லாம பாரு’ என்று எல்லா வேற்றுமையோடும் வினையோடும் பேச்சில் உருண்டு வருகிறது. ஒரு கலைச்சொல்லுக்கு நான் வைக்கும் தேர்வு இது ஒன்றுதான்.

தனித்தமிழ் அன்பர்களுக்கு ‘வசனம்’ உறுத்தும். வடசொல், மறுக்கவில்லை. ‘உரைவரி’ என்று மாற்றச் சொல்வார்கள். உரை என்றதும் தமிழ் படித்தவனுக்குப் பரிமேலழகர் வருவார், படிக்காதவனுக்கு அமைச்சரின் தேசிய தின உரை வரும். ‘உரைவரி’ அந்த உரைகளில் ஒரு வரி போலத் தொனிக்கிறது. ‘பேச்சுவரி’ மோசமில்லை, யாராவது வழக்கமாக்கினால் நானும் பின்னால் போகத் தயார். ஆனால் கதை, திரைக்கதை, வசனம் என்று படத்தின் பெயரோட்டத்தில் தலைமுறை தலைமுறையாகப் படித்துவருகிறோம். அந்த வசனம்தான் இந்த வரியில் வருகிறது என்ற தெளிவை விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை.

‘வரி’ என்றால் வரிப்பணம் ஆயிற்றே என்று ஒரு கேலி உண்டு. வசனத்துக்கு உண்மையிலேயே வரி போட்டால் சில நெடுந்தொடர்கள் முதல் வாரத்திலேயே திவாலாகும், நல்லதுதான். ஆனால் வரிக்குக் கோடு, எழுத்து என்ற பொருள்களோடு பாட்டு என்ற பொருளும் பழையது. சிலப்பதிகாரத்தில் கானல்வரி, வேட்டுவவரி என்று காதைகளின் பெயரிலேயே இருக்கிறது. படத்தில் பாட்டு வந்தால் அதை வசனவரி என்று எப்படிச் சொல்வது என்று கேட்பவருக்கும் இதிலேயே பாதி பதில் இருக்கிறது: அந்த இடத்தில் அது பாடல் வரி.

பெயரில் தலைப்பு இருப்பதால் வேலையிலும் தவறு வருகிறது என்பது என் சந்தேகம். தலைப்பு எழுதுகிறோம் என்று நினைப்பவர் கம்பீரமாக எழுதுவார். வசனவரி எழுதுபவர் எண்ணி எழுத வேண்டும்.

வசனவரிகள் இருக்கும் கணினிக் கோப்பைத் திறந்து பார்த்தால் உள்ளே இருப்பது சாதாரண எழுத்துதான். முதலில் வரிசை எண். அடுத்து நேரம், 00:12:04,200 --> 00:12:06,900 என்பது போல. காற்புள்ளிக்குப் பின்னால் இருப்பது விநாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு. அதன்கீழ் ஒன்று அல்லது இரண்டு வரி வசனம். பிறகு ஒரு வெற்று வரி. அதை விட்டுவிட்டால் அடுத்த வசனம் இதோடு ஒட்டிக்கொண்டு இரண்டும் ஒரே நேரத்தில் வந்து நிற்கும். ஒரு திரைக்கு இரண்டு வரிக்கு மேல் கூடாது. வரிக்கு 42 குறிகள் (கணினி தனித்தனியாக எண்ணும் அலகுகள்) என்பது பலர் வைக்கும் உச்சவரம்பு. ஒரு வசனம் 7 விநாடிக்கு மேல் நிற்கக்கூடாது. மேலே சொன்ன நேரத்தில் இருப்பது 2.7 விநாடி.

அந்த 2.7 விநாடியில் அலுவலகத்தில் கொட்டாவி விடும் ஒருவன் ‘ஐம் போர்ட்’ (I'm bored) என்கிறான். ஆங்கில எழுத்தில் இடைவெளியோடு சேர்த்து 9 குறி. தமிழில் நம் மொழிபெயர்ப்பாளர் ‘எனக்குச் சலிப்பாக இருக்கிறது’ என்கிறார். கணினி கணக்கில் அது 28 குறி. கண் பார்ப்பது 16 எழுத்தும் 2 இடைவெளியும்தான். ஆனால் கணினிகள் எழுத்தைப் பதியும் பொதுமுறையான யூனிகோடில் புள்ளியும் கொம்பும் காலும் தனித்தனிக் குறி. ‘தமிழ்’ என்ற மூன்றெழுத்தே அதற்கு ஐந்து. அதனால் ஆங்கிலத்துக்கு வைத்த 42ஐ அப்படியே தமிழுக்கும் வைத்தால், வரியில் இடம் மிச்சம் இருக்கும்போதே மென்பொருள் ‘அதிகம்’ என்று சிவப்புக் காட்டும். எழுத்தை எண்ண வேண்டுமே தவிரக் குறியை எண்ணக்கூடாது.

அதே இடத்தில் ‘போரடிக்குது’ என்றால் 11 குறி, 6 எழுத்து, வேலை முடிந்தது. கொட்டாவிக்கும் பொருந்துகிறது. ஆங்கில ‘போர்’ கலந்தது என்று தள்ளுவார்கள். ஆனால் களத்தில் யானை கட்டிப் போரடித்த பழம்பாட்டை மேடையில் முழக்குவதும் அவர்களே. அந்தப் போர் வேறு, ஒலி மட்டும் ஒன்று. காதுக்கு அந்நியமாகத் தோன்றாமல் இந்தச் சொல் நிலைத்ததற்கு அந்த ஒலியும் ஒரு காரணமாக இருக்கலாம். சலிப்பு, அலுப்பு இரண்டும் நல்ல சொற்கள், ஆனால் அலுப்பில் உடம்பு வலியும் சேர்ந்திருக்கிறது, சலிப்பில் ஒரு வெறுப்பு இருக்கிறது. மதியம் மூன்று மணிக்கு வேலை ஓடாமல் கடிகாரத்தைப் பார்ப்பவனுக்கு இங்கே ‘சியான்’ என்ற ஹொக்கியன் சொல்தான் நாக்கில் வரும். அதையும் வசனவரியில் எழுதலாம், சிங்கப்பூர்க் கதையானால்.

வரியை உடைக்கும் இடத்திலும் தவறு நடக்கிறது. ‘போய்’ மேல்வரியிலும் ‘விட்டான்’ கீழ்வரியிலும் வந்தால் கண் தடுக்கும். எண்ணிக்கையை மட்டும் பார்த்து உடைக்கும் மென்பொருள் எழுத்தின் நடுவிலேயே வெட்டி, அடுத்த வரியின் தொடக்கத்தில் புள்ளியைத் தனியாக உட்கார வைக்கும். எழுத்தைப் படத்தில் பதிக்கும் கருவிக்குத் தமிழைக் கோத்துக் காட்டத் தெரியாவிட்டால் ‘கெ’யின் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போகும்போது வேறொரு சிக்கல். தமிழ் வாக்கியம் முக்கியமான சொல்லைக் கடைசிக்கு வைத்திருக்கும். “அன்னிக்கு ராத்திரி அந்தக் கதவைத் திறந்துவிட்டது... உங்க தம்பி” என்று நடிகர் இழுத்துச் சொல்வதற்குள், அடியில் ஆங்கிலம் ‘உன் தம்பி’ என்று முதலிலேயே உடைத்துவிடும். பேரன் ‘ஆ’ என்பான், பாட்டி “என்னடா?” என்பார். வசனத்தை இரண்டாகப் பிரித்து, இரண்டாவது பாதிக்கு நேரத்தைத் தள்ளி வைத்தால் தீரும் பிரச்சினை இது. ஒரு நிமிட வேலை. செய்வதில்லை.

துணைத்தலைப்புக்கு இப்போது ஒரு தம்பியும் பிறந்திருக்கிறான்: ‘மூடிய தலைப்பு’. ‘குளோஸ்டு கேப்ஷன்’ என்பதன் தமிழாம். காது கேளாதவர்களுக்காக அமெரிக்காவில் 1980இல் ஒளிபரப்பில் முறையாகத் தொடங்கியது அது. அன்றைய தொலைக்காட்சிச் சமிக்ஞையில், படம் இல்லாத 21ஆம் வரியில் எழுத்து ஒளிந்திருந்தது, அதைப் பிரித்தெடுக்கும் கருவி இருந்தால் மட்டும் திரையில் தெரிந்தது. வேண்டியவர் திறந்துகொள்ளலாம் என்பதற்குத்தான் ‘மூடிய’. காரணம் தெரியாமல் படிப்பவருக்குப் பூட்டுப் போட்ட தலைப்பு என்று தோன்றும். இதில் பேச்சோடு ‘கதவு தட்டும் ஓசை’, ‘தூரத்தில் நாதஸ்வரம்’ போன்றவையும், யார் பேசுகிறார் என்பதும் வரும். ஆகவே இதை வசனவரி என்று சொன்னால் குறையாகிவிடும். ஒலிவரி எனலாம். படத்தோடு பதிந்துவிட்ட, அணைக்க முடியாத வரியைப் ‘பதிந்த வரி’ என்றாலே விளங்கும்.

செயலியின் பொத்தானுக்கு இவ்வளவு பெரிய சொல் எதற்கு என்றும் கேட்கலாம். பொத்தானில் ‘வரி’ என்று மட்டும் போடுங்கள். அழுத்தினால் நான்கு தெரிவு: தமிழ், ஆங்கிலம், ஒலிவரி, வேண்டாம்.