ஜூலை மண்ணில் முளைக்க மறுக்கும் லெட்டூஸ்

டொரன்டோவிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: பூண்டு பிடுங்கிய பாத்தியில் இலையுதிர்காலத்துக்கென்று லெட்டூஸ் விதைத்தேன், தினமும் தண்ணீர் விட்டும் ஒன்றுகூட முளைக்கவில்லை, விதை பழசா?

பழசாக இருக்க வேண்டியதில்லை. சூடுதான் காரணம். நனைந்த லெட்டூஸ் விதைக்குள் அப்சிசிக் அமிலம் என்ற ஹார்மோன் முளைப்பைத் தடுத்துப் பிடித்திருக்கும். குளிர்ந்த மண்ணில் சில மணி நேரத்திலேயே அது சிதைந்து குறையும்; முளைப்பைத் தூண்டும் ஜிப்பெரெல்லின் என்ற ஹார்மோன் ஓங்கும்; கருவைச் சுற்றிய மெல்லிய திசுச் சுவரான முளைசூழ்தசையை நொதிகள் இளக்கிவிட, வேர் வெளியே வரும். மண் 28–30 டிகிரி செல்சியஸைத் தாண்டினாலோ விதை அந்த அமிலத்தைத் தயாரித்துக்கொண்டே இருக்கும். சுவர் இளகாது. கரு உள்ளே உயிரோடுதான் இருக்கிறது! கோடை வறண்டு கிடக்கும் நிலத்தில், திடீர் மழையை நம்பி முளைத்தால் நாற்று கருகிவிடும். குளிர்ந்த ஈரத்துக்காகக் காத்திருக்கும் விதையே பிழைக்கும்.

வெளிச்சமும் வேண்டும். அமெரிக்க வேளாண் துறையின் பெல்ட்ஸ்வில் ஆய்வகத்தார் 1952இல் லெட்டூஸ் விதைமேல் சிவப்பொளியையும், சிவப்புக்கு அப்பால் கண்ணுக்கு அரிதாகவே தெரியும் தொலைசிவப்பொளியையும் மாற்றி மாற்றிப் பாய்ச்சினார்கள். கடைசியாகப் பட்டது சிவப்பு என்றால் முளைத்தது, தொலைசிவப்பு என்றால் இல்லை. உடனடி லாபம் எதுவும் தெரியாத இந்தக் கேள்விக்கு அரசுப் பணம் செலவானது. செடிகள் ஒளியை உணர உதவும் பைட்டோகுரோம் என்ற நிறமியைக் கண்டுபிடிக்க வழி பிறந்தது அங்கேதான். அப்படிச் செலவழிப்பதே சரி என்பேன். வளர்பிறை பார்த்து விதைப்பவர்கள் அதற்குப் பதில் மண்ணில் ஒரு வெப்பமானியைச் செருகிப் பார்க்கட்டும்.

முதல் உறைபனி அக்டோபர் 15 என்று வைத்துப் பின்னோக்கி எண்ணுங்கள். பகல் குறுகுவதால் விதைப் பொட்டலத்தில் அறுவடைக்கென்று போட்ட நாட்களோடு 14 சேர்க்க வேண்டும்: 70 நாள் கேரட்டுக்கு ஜூலை 23, 55 நாள் லெட்டூஸுக்கு ஆகஸ்ட் 7. பாத்தியில் 2–3 செ.மீ. மக்கிய கம்போஸ்ட் போதும்.

லெட்டூஸை நாற்றுத்தட்டில் விதையுங்கள். 3 மி.மீ.க்கு மேல் மூடாதீர்கள். தட்டை 18–20 டிகிரி உள்ள பேஸ்மென்டில் விளக்கடியில் வையுங்கள். முளை தெரிந்ததும் வெளியே கொண்டுவரலாம். உலர்ந்த விதையைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்துவிட்டுச் சூடான மண்ணில் போட்டுப் பயனில்லை, நனையும் நேரத்துச் சூடுதான் கணக்கு. ஈரச்சூட்டில் பல நாள் கிடந்த விதை ஆழ்ந்த உறக்கத்துக்குப் போய்விடும், பிறகு மண் குளிர்ந்தாலும் சட்டென்று எழாது. ஆகவே அந்தப் பாத்தியை நம்பிக் காத்திராமல் புது விதை போடுங்கள். மூன்று, நான்கு வாரத்தில் மாலை வேளையில் பிடுங்கி நட்டு, வெயில் தணியும்வரை மேலே நிழல்வலை கட்டுங்கள்.